கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கடற்கம்பளம்

உப்பு ஊறிய மரத்துக்கென்று ஒரு வாசனை உண்டு. கருவாட்டுக் கடைப் பலகையும் மழையில் நனைந்து காய்ந்த படகும் ஒன்றாகச் சேர்ந்த வாசனை. போன மாதம் பூச்சோங்கில் மழைக்கு ஒதுங்கிய பழைய சாமான் கடையில் அது என் மூக்கைப் பிடித்துக்கொண்டது. யாரோ தலைமுழுகிவிட்டுப் போன மீன்தொட்டி மேடை ஒன்று மூலையில் கிடந்தது. பலகை இடுக்குகளில் உப்பு வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. கடைக்காரப் பையன், "வேணுமா ஆன்டி, நல்ல மரம்" என்றான். வேண்டாம் என்று சொல்லக்கூட நிற்கவில்லை. மழையிலேயே இறங்கி நடந்துவிட்டேன்.

எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. வீடு மாற்றுவேன், வேலை மாற்றுவேன், பஸ்ஸில் போகும்போதுகூட இருக்கை மாற்றுவேன். ஆனால் ஒரு காலத்தில் உட்கார்ந்திருக்கிறேன். கிள்ளானில், ஒரு வாடகை வீட்டுக் கூடத்தில், வெறும் தரையில், ஒரு கண்ணாடிக்கு முன்னால், ஒரு வருடத்துக்குக் கிட்ட.

தொண்ணூறுகள் தொடங்கியிருந்தன. கையில் கொஞ்சம் காசு புழங்க ஆரம்பித்ததும் வீட்டுக்கொரு கிறுக்கு வந்து குடியேறிய காலம் அது. பக்கத்து வீட்டில் கரோக்கே. எதிர்வீட்டில் குட்டை மரங்கள். எங்கள் வீட்டில் கடல். என் கணவர் சுங்கை வேயில் ஒரு மின்பொருள் தொழிற்சாலையில் டெக்னீஷியனாக இருந்தார். பம்பு, விளக்கு, வயர் எல்லாம் அவர் கைக்கு அடங்கும். கூடத்தில் சாமி படங்களுக்கு அடுத்தாற்போல் ஒரு நீளமான தொட்டியை நிறுத்தி, மணல் பரப்பி, கல் அடுக்கி, லோரியில் டிரம் டிரம்மாகக் கடல்நீர் வரவழைத்து ஊற்றினார். அத்தை, அதாவது என் மாமியார், "சாமிக்குப் பக்கத்துல மீன் நாத்தமா?" என்று ஒரு வாரம் முனகிவிட்டு, பிறகு நாற்காலியைத் தொட்டிப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

அந்தத் தொட்டிக்கு ராணியாக ஒரு கார்ப்பெட் அனிமோன் வந்தது. பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். அது பூவல்ல, விலங்கு. சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு விரிந்து படுத்திருக்கும். மேலே குட்டைக் குட்டையாக எண்ணமுடியாத விரல்கள் நெருக்கி வைத்த துவாலைபோல நிற்கும். நடுவில் ஒரு வாய். அடியில் ஒரு தண்டு, தண்டின் முடிவில் ஒரு பாதம். அந்தப் பாதத்தால் பிடித்துக்கொள்ளும், பிடிக்காவிட்டால் நகர்ந்து வேறிடம் போகும்.

வாங்கப் போனபோது நானும் கூடப் போனேன். கடைக்காரர் சீனர். காப்பார் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், வாக்கியத்துக்கு வாக்கியம் ஒரு 'லா' சேர்த்துத் தமிழை எங்களைவிட வேகமாகப் பேசுவார். தொட்டிகளில் பழுப்பும் வெள்ளையுமாகச் சில கிடந்தன. ஒன்று மட்டும் கத்தரிப்பூ நிறம். என் கணவர் அதன் முன்னால் நின்ற நிற்பை நான் எங்கள் பெண்பார்க்கும் படலத்தில்கூடப் பார்க்கவில்லை.

"இந்தக் கலரு கிள்ளான்ல யாருகிட்டயும் இல்ல" என்றார்.

"கிள்ளான்ல என்னா அண்ணே, கடல்லயே இல்ல லா" என்றார் கடைக்காரர். மூன்று பேரும் சிரித்தோம்.

கண்ணாடியிலிருந்து உரித்தெடுக்கும்போது கடைக்காரரின் அவசரத்தில் பாதம் ஓரத்தில் கிழிந்துவிட்டது. என் கணவருக்கு வந்த கோபம் கடைக்காரரை ஏறக்குறைய அழவைத்துவிட்டது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பிளாஸ்டிக் பையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தேன். கிழிந்த பாதத்தோடு ஒரு ஜீவன் வேறு வீட்டுக்குப் போவது எனக்குப் புதிதாகப் படவில்லை.

தைப்பூசம் முடிந்த கையோடு அவருக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. புறப்படும் நாள் காலையில் என்னைத் தொட்டிக்கு முன்னால் நிறுத்தி எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தார். விளக்கை எப்போது போடுவது, எப்போது அணைப்பது. தண்ணீர் வற்றினால் வற்றுவது வெறும் தண்ணீர்தான், உப்பு அங்கேயே இருக்கும், அதனால் கடல்நீரை ஊற்றி நிரப்பக்கூடாது, குழாய்த் தண்ணீரை வாளியில் பிடித்து ஒரு நாள் வைத்து, குளோரின் போனபின் ஊற்ற வேண்டும். பம்பு உறிஞ்சும் வாயில் எப்போதும் ஸ்பாஞ்சு இருக்கவேண்டும். இல்லையென்றால் நகரும் அனிமோன் அதில் மாட்டிக் கிழிந்துவிடும். ஒன்று செத்தால் தண்ணீர் முழுக்க விஷம்.

பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு சொன்னார்: "அங்க ஒரு வீடு கெடைக்கட்டும். உன்னையும் இதையும் ஒண்ணாவே கூட்டிட்டுப் போயிடுறேன். அதுவரைக்கும் இத சாக வுட்டுடாத."

அத்தை உள்ளேயிருந்து, "அப்படியே எங்கம்மாவையும் சாக வுட்டுடாதன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயேன்டா" என்றார்.

அவர் சிரித்துக்கொண்டே போனார். நான் சிரிக்கவில்லை. அது உயிரோடு இருக்கும்வரை அந்த வாக்கும் உயிரோடு இருக்கும் என்று நான் நம்பினேன். யாரும் என்னை நம்பச் சொல்லவில்லை. கல்யாணமாகி அத்தனை வருடத்தில் அவர் எனக்குக் கொடுத்த ஒரே வாக்கு அது. அதன் ஒரு முனையை அந்தக் கத்தரிப்பூ நிறத்துச் சதையில் கட்டிவைத்துவிட்டுப் போயிருந்தார்.

முதலில் அது கல்லில் நிற்கமாட்டேன் என்றது. அவர் கல்மேல்தான் வைத்திருந்தார். பவளப்பாறையில் வாழும் ஜாதி, கோமாளி மீன் வந்து குடியிருக்கும் ஜாதி என்பது அவர் கண்டுபிடிப்பு. முதல் சில மாதங்கள் எப்போதாவது வந்து ஒரு ராத்திரி தங்கிப் போவார், மற்றபடி போன்தான். போன் செய்யும்போதெல்லாம், "அது எப்படி இருக்கு?" என்பது முதல் கேள்வி. "கல்ல விட்டு எறங்கிடுச்சுங்க" என்பேன். "தூக்கி வை" என்பார். தூக்கி வைப்பேன். விரல்கள் ஒவ்வொன்றும் என் கையில் ஒட்டிக்கொண்டு பிய்யப் பார்க்கும், தோல் தினவெடுக்கும். மறுநாள் பார்த்தால் மறுபடி மணல் மூலையில் இருக்கும்.

பிரிக்ஃபீல்ட்ஸில் என் பெற்றோர் வீட்டுக்குப் போன ஒரு நாள் நூலகத்தில் ஒரு பெரிய வண்ணப் படப் புத்தகம் கிடைத்தது. கம்பள அனிமோன்களில் மூன்று ஜாதி என்று அதில் இருந்தது. ஒன்று பாறையில் ஒட்டி வாழ்வது. இன்னொன்று பாறை ஓரத்தின் ஆழமில்லாத தண்ணீரில், கொஞ்சம் நீளமான, ஓயாமல் நடுங்கும் விரல்களோடு வாழ்வது. மூன்றாவது மணலில் பாதத்தைப் புதைத்துக்கொண்டு வாழ்வது. மேலே பார்த்தால் மூன்றும் ஏமாற்றும். நிறத்தை நம்பவே கூடாது. படுத்து அடியில் பார்க்கவேண்டும். தண்டில் மருக்கள் இருக்கும். அவை ஊதாவா, ஆரஞ்சா, அல்லது கண்ணுக்கே தெரியாத அளவுக்கு வெளிறியவையா என்பதுதான் ஜாதி சொல்லும்.

வீட்டுக்கு வந்ததும் தரையில் கன்னம் பதியப் படுத்துக் கண்ணாடி வழியே அண்ணாந்து பார்த்தேன். வெளிறிய தண்டு, அதில் மங்கலான மருக்கள். விளிம்பு விரல்கள் நீளமும் குட்டையுமாக மாறி மாறி. மணல் ஜாதி. பாவம், தினமும் அதை மாடிக்குத் துரத்தியிருக்கிறோம்.

"என்னடி, தொட்டிக்குக் கீழ எதத் தேடுற?" என்றார் அத்தை.

"இது யாருன்னு பாக்குறேன் அத்த."

"வீட்டுக்கு வந்து இத்தினி நாளு கழிச்சா பாக்குறது?"

மணலை அந்த மூலையில் ஆழமாக்கிக் கொடுத்தேன். பாதத்தை உள்ளே விட்டு, தட்டை மணல்மேல் பரப்பி, அன்றுதான் முதல் தடவையாக முழுக்க விரிந்தது. போனில் நான் இதைச் சொன்னபோது அவர், "புக்கு பாத்து எனக்குச் சொல்றியா? தூக்கி வை" என்றார். தூக்கி வைக்கவில்லை. மணல் ஜாதி மீனைத் தின்னும் என்றும் அந்தப் புத்தகத்தில் இருந்தது. தொட்டியில் இருந்த ஒரே நீல மீனை ஒரு காலையில் காணோம். வால் மட்டும் வாயில் நீட்டிக்கொண்டிருந்தது. "பூன்னு நெனச்சேன். பூ மீன் திங்குது" என்று அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அது சுருங்கியது. காலையில் நன்றாக இருக்கும். விளக்கேற்றி முடித்த கொஞ்ச நேரத்தில் கசங்கிய துணிபோல் சுருண்டு வழவழப்பைக் கக்கும். பல வெள்ளிகள் எனக்குப் புரியவில்லை. ஒருநாள் அத்தை சாம்பிராணித் தட்டை எடுத்துக்கொண்டு, சாமிக்குக் காட்டி, தொழுதுவிட்டு, கடல்ராணிக்கும் காட்டுவோமே என்று தொட்டியைச் சுற்றி மூன்றுமுறை வீசுவதைப் பார்த்தேன். காற்றுப் பம்பு மேடையில்தான் இருந்தது. அறைக் காற்றை இழுத்துத் தண்ணீருக்குள் விடும் யந்திரம் அது. பக்தியோடு அதற்குப் புகை ஊட்டிக்கொண்டிருந்தோம். அதன்பின் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பம்பின் குழாயை ஜன்னலுக்கு வெளியே நீட்டி வைத்தேன். அத்தைக்கு மனத்தாங்கல்தான். "சாமி பொகையே ஆகாத ஜென்மம்" என்றார்.

புரட்டாசியில் வேறு வம்பு. வீட்டுக்குள் கவுச்சி கூடாது. அதற்கோ வாரத்துக்கு ஒருமுறை கட்டைவிரல் நகத்தளவு எறா வேண்டும். பின்வாசல் வடிகால் ஓரத்தில் தனிக் கத்தி, தனிப் பலகை வைத்து நறுக்கி, குளித்துவிட்டு வந்து ஊட்டுவேன். "புருஷன் வந்துட்டுப் போயி மூணு மாசமாச்சு, இவ பூவுக்கு எறா ஊட்டுறா" என்று அத்தை சுவரைப் பார்த்துச் சொல்வார். சுவர் கேட்டுக்கொள்ளும், நானும் கேட்டுக்கொள்வேன். ஆனால் மாதம் முடிந்ததும் அத்தையே ஒருநாள் எறாத் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு தொட்டிக்குள் விட்டார். அது அவர் விரலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது.

"ஏய், கைய விடமாட்டேங்குதுடி."

"இழுக்காதீங்க அத்த. அதுவே விடும்."

அவர் முகத்தில் ஒரு கூச்சச் சிரிப்பு வந்தது. அன்றிலிருந்து காலைக் காப்பியோடு நாற்காலியில் உட்கார்ந்து, "என்ன தாயி, தூங்கினியா?" என்று அதைத்தான் முதலில் கேட்பார்.

நிறத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் கணவர் வந்து போவது நின்ற சமயத்தில்தான் அது வெளுக்கத் தொடங்கியது. கத்தரிப்பூ நிறம் விளிம்பிலிருந்து உள்நோக்கிக் கழன்றது. ஊதா, பிறகு வெளிர் ஊதா, பிறகு அவித்த முட்டையின் வெள்ளை. போனில், "கொஞ்சம் மங்குதுங்க" என்றேன். "லைட்டு ஒழுங்காப் போடுறியா? சொன்னத மட்டும் செய்" என்று வைத்துவிட்டார். அவருக்கு நான் போன் செய்ய எண் கிடையாது. தங்கியிருக்கும் ஹாஸ்டலில் போன் இல்லை என்பார், எப்போதும் அவர்தான் கூப்பிடுவார்.

கடைக்காரரிடம் ஓடினேன்.

"சாயம் லா தங்கச்சி" என்றார், வெட்கமே இல்லாமல்.

"சாயமா? உயிருக்கா?"

"புடிச்சு, இருட்டுல வச்சு, வர்றதுக்குள்ள வெள்ளையாப் போயிடும். வெள்ளையா இருந்தா யாரு வாங்குவா? கலர்ல முக்கி எடுத்து விட்டுடுவானுங்க. பாதி செத்துடும்."

"தெரிஞ்சா எங்களுக்கு வித்தீங்க?"

"கடல்லயே இல்லாத கலருன்னு நான்தான் சொன்னேனே லா. அண்ணனுக்குக் காது எங்க? கண்ணுதான் வேல செஞ்சிச்சு."

நான் இறங்கி நடக்கும்போது கூப்பிட்டுச் சொன்னார்: அதன் சதைக்குள் ஒரு பாசி குடியிருக்கும், வெளிச்சத்தில் அதற்குச் சோறு ஆக்கிப் போடுவது அந்தப் பாசிதான், அது செத்துப் போனதால்தான் இந்த வெளுப்பு. நல்ல வெளிச்சமும் சுத்தமான தண்ணீரும் கொஞ்சம் தீனியும் கொடுத்தால் பாசி திரும்பி வரலாம். வந்தால் பழுப்பாக வரும்.

விளக்கைக் கூட்டினேன். விளக்குச் சூட்டில் தண்ணீர் கொதித்துவிடாமல் மேசைக் காற்றாடியைத் தண்ணீர்மேல் திருப்பி வைத்தேன். எங்களுக்குக் காற்றாடி இல்லை. அத்தை விசிறியால் விசிறிக்கொண்டே, "அது மட்டும் ஏர்கான்ல இருக்கட்டும்" என்றார். கொஞ்சம் கொஞ்சமாக, கண்ணால் பார்க்கமுடியாத வேகத்தில், நடுவிலிருந்து ஒரு பழுப்பு எழுந்தது. முதலில் டீத்தண்ணீர். பிறகு பாக்கு. கடைசியில் பச்சை ஓடிய ஒரு மண்நிறம். தொட்டிக்கு வந்த நாளைவிட இரண்டு மடங்கு அகலம். விளக்கு போட்டதும் அது விரியும் விதத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால் அடுப்பில் பால் பொங்கிவிடும்.

இதை நான் போனில் சொல்லவில்லை. வந்து பார்க்கட்டும் என்று வைத்திருந்தேன். அது வைத்திருக்கக்கூடிய விஷயமா என்று இப்போது யோசிக்கிறேன். அப்போது நான் கொடுக்க நினைத்த ஒரே சீதனம் அது.

தீபாவளிக்கும் வரவில்லை. மழைக்காலத்தில் ஒரு நாள் போன் வந்தது. "சனிக்கிழம வேன் கொண்டு வரேன். தொட்டியக் காலி பண்ணி, அத எடுத்துட்டுப் போற மாதிரி ரெடி பண்ணு."

நான் இரண்டையும் தயார் செய்தேன். அதற்கு ஒரு ஐஸ் மீன் பெட்டி, பேட்டரியில் ஓடும் சின்னப் பம்பு, கழுவிய டிரம்களில் பழைய தண்ணீர். எனக்கு ஒரு பெட்டி, நான்கு நல்ல புடவை, தாலிக்குப் போட்ட மஞ்சள் கயிறு புதிது. அத்தை என் பெட்டியைப் பார்த்தார். "இப்பவே எதுக்கு மடிச்சு வைக்கிற, அவன் வரட்டும்" என்றார். அந்தக் குரலில் ஏதோ இருந்தது. புடவை மடிக்கும் மும்முரத்தில் நான் அதைக் காதில் வாங்கவில்லை.

சனிக்கிழமை வேனிலிருந்து முதலில் இறங்கியது அவருடைய சிநேகிதர். வாசல் அகலத்தைப் பார்க்க வந்தார். என் கணவர் பின்னால் தெருமுனைக் கடையில் சிகரெட் வாங்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, பெட்டிய வெயில் படாம வையுங்க" என்றேன் சிநேகிதரிடம். "ஜோகூர் போறதுக்குள்ளயே தண்ணி சூடாயிடும். வழியில ரெண்டு எடத்துல நிறுத்தி ஐஸ் வாங்கி வெளிப்பக்கம் வைக்கணும். பேட்டரி சிங்கப்பூர் வரைக்கும் தாங்குமான்னுதான் பயமா இருக்கு."

"சிங்கப்பூரா?" அவர் சிரித்தார். "காஜாங் தானே அண்ணி. ஜாம் இல்லன்னா ஒரு மணி நேரம்."

நான் அவரையே பார்த்தேன். அவர் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல், "நான் வேன திருப்பி நிறுத்துறேன்" என்று போய்விட்டார்.

காஜாங். நாங்கள் சாயங்காலம் போய்க் குச்சியில் சுட்ட சாத்தே சாப்பிட்டுவிட்டு ராத்திரியே திரும்பும் காஜாங். என் கணவர் வீடு எடுத்திருப்பது அங்கே. நான் உள்ளே திரும்பி அத்தையைப் பார்த்தேன். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை. தெரியாதவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

என் கணவர் வந்தார். புதுச் சட்டை. என்னைத் தாண்டி நேராகத் தொட்டியிடம் போனார்.

"எங்க அது?"

"இதுதாங்க."

"இது வேற."

"அதேதாங்க. அது சாயம். சாயம் போயி சொந்தக் கலரு வந்திருக்கு. கடைக்காரரக் கேட்டுப் பாருங்க."

"எனக்கே சொல்லித் தர்றியா? கத்தரிப்பூ கலருக்கும் சேத்துக் கலருக்கும் வித்தியாசம் தெரியாதா எனக்கு?"

"பாதத்துல அன்னிக்குக் கிழிஞ்ச தழும்பு இருக்கு. மண்ணத் தள்ளிக் காட்டுறேன். குனிஞ்சு பாருங்க."

நான் கையை விட்டுவிட்டேன். முழங்கை வரை தண்ணீர். அவர் குனியவில்லை. "வேணாம்" என்றார். "ஒரு உசுர நம்பிக் குடுத்துட்டுப் போனேன். அதக் கொன்னுட்டு, மலிவா ஒண்ண வாங்கிப் போட்டு, என்னையே ஏமாத்தப் பாக்குற."

"அத்த, நீங்க சொல்லுங்க. தெனமும் பாத்தீங்களே."

அத்தை வெங்காயத் தோலைச் சுருட்டி முறத்தில் போட்டார். "எனக்கென்னடி தெரியும் இந்தப் பூச்சி பொட்டெல்லாம். நீங்களே பேசிக்கிங்க."

என் கணவர் முகத்தில் உண்மையாகவே ஒரு இழவுக்களை இருந்தது. அதை நான் மறுக்கமாட்டேன். அந்த ஊதாவை அவர் நேசித்தார். ஆனால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தத் துக்கத்தின் பக்கத்தில் ஒரு நிம்மதி வந்து மெதுவாக உட்கார்ந்தது. கதவோரம் இருந்த என் பெட்டியை அப்போதுதான் பார்த்தார்.

"இதயே காப்பாத்த முடியல. உன்ன நம்பி எப்படிக் கூட்டிட்டுப் போறது?"

"காஜாங்குக்கா?" என்றேன்.

அவர் கதவுப்பக்கம் நடந்தார். என் கையிலிருந்து சொட்டிய கடல்நீர் தரையில் அவர் பின்னாலேயே வரிசையாக விழுந்துகொண்டு போனது. வெளியில் சிநேகிதர் இன்ஜினை அணைக்காமல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். வேனின் பின்பக்கம் தொட்டிக்காக விரித்த மெத்தை காலியாகக் கிடந்தது.

கேட்டைத் திறந்துகொண்டு திரும்பி நின்றார். "செத்துப் போச்சுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்" என்றார். "இவ்ளோ தூரம் வேன் எடுத்துட்டு வந்திருக்க மாட்டேன்."

"சரிங்க" என்றேன். "உங்களுது செத்துப் போச்சு. உள்ள இருக்கறது என்னுது."